காட்டுக்குள் வந்த கஞ்சி

ஆண்டவருடைய மாறாத இரக்கத்தைத் தியானிக்கும் இவ்வேளையில், இலங்கையின் அப்போஸ்தலர் புனித யோசேப் வாஸ் அடிகளாரை நாம் நினைவுகூருகிறோம்.

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. ஆகவே 1687-இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். உடனே கடும் வயிற்றுக்கடுப்பு. தொற்றுக்கு அஞ்சிய மக்கள் அவரையும், உடன்வந்த ஊழியன் யோவானையும் ஊருக்கு வெளியே காட்டில் விட்டுவிட்டார்கள். எலியாசுக்குக் காகம்; இவருக்கோ கஞ்சி கொண்டுவந்த ஒரு பெண்!

தேறியபின் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதை அடையாளம் கண்டவர்கள் வழியாகவே மறைந்து வாழ்ந்த விசுவாசிகளைக் கண்டடைந்தார். பிச்சைப் பாத்திரமே அவருக்குக் கோவில் மணி எனலாம்.

1697-இல் கண்டியில் பெரியம்மை. நோயாளிகளைச் சொந்த உறவினரே காட்டில் விட்டோடினர். கைவிடப்பட்டவன் பசியை அறிந்த அடிகளார், அவர்களுக்குக் குடிசை போட்டு, புண் கழுவி, தம் கையால் உணவூட்டினார்.