உறைபனித் திகில் படங்கள்

பனிப்பாலையில் ஒரு நிலையம். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் சம்பளத்துக்கு வந்தவர்கள். அடுத்த விமானம் வர மாதக்கணக்கில் ஆகும். ரேடியோ தொடர்பு அறுந்துவிட்டது. இந்த ஏற்பாட்டிலிருந்து கிளைத்ததுதான் உறைபனித் திகில் எனப்படும் திரைப்பட வகை. பேய், வேற்றுக்கிரகப் பிராணி, கூட வேலை பார்ப்பவரின் மனக்கோளாறு என்று பயத்தின் முகம் படத்துக்குப் படம் மாறும். பாத்திரங்கள் சுற்றுலாப் பயணிகளாக இருப்பது மட்டும் அரிது. ஆராய்ச்சியாளர், மெக்கானிக், சமையல்காரர், விமானி, காவலாளி, எண்ணெய்க் கம்பெனி ஊழியர் என ஆளுக்கொரு பொறுப்பு உண்டு. ஒப்பந்தக் காலம் முடியாமல் யாரும் ஊர் திரும்ப முடியாது. குளிர்ப் பிரதேசக் கதை என்பதைக் காட்டிலும் வேலையிடத்துக் கதை என்று பார்த்தால்தான் இந்த வகையின் வரலாறு பிடிபடும்.

விதை இலக்கியத்தில் விழுந்தது. மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ (1818) வடதுருவப் பனிக்கட்டியில் சிக்கிக்கொண்ட ஒரு கப்பலில் தொடங்குகிறது. மாலுமிகள் கப்பலைத் திருப்பச் சொல்லி கேப்டனிடம் மல்லுக்கு நிற்பது நாவலில் பலர் மறந்துவிடும் பகுதி. எட்கர் ஆலன் போ 1838இல் தென்கடல் பயணத்தை வைத்து ஒரு நாவல் எழுதினார். லவ்கிராஃப்டின் அண்டார்டிகா குறுநாவல் 1936இல் வெளியானது. திரைப்படங்களுக்கு நேரடித் தாய்க்கதை என்றால் அது 1938 ஆகஸ்டில் ஜான் டபிள்யூ. கேம்பெல் புனைபெயரில் வெளியிட்ட ‘ஹூ கோஸ் தேர்?’. அண்டார்டிகா முகாமில் பனிக்குள் கிடந்த ஒரு பிராணி உயிர் பெறுகிறது. தான் தொட்ட உயிரைப் போலவே உருவெடுக்கக் கூடியது அது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் நேற்றைய ஆள்தானா என்பதே கேள்வியாகிவிடுகிறது.

அந்தக் கதை 1951இல் ‘தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்’ என்று படமானது. தயாரிப்பு ஹோவர்ட் ஹாக்ஸ். இயக்குநராகப் பெயர் போடப்பட்டவர் கிறிஸ்டியன் நைபி. களம் தென்துருவத்திலிருந்து வடதுருவத்துக்கு மாறியது. உருமாறும் பிராணிக்குப் பதிலாகத் தாவர இனத்தைச் சேர்ந்த ஓர் அரக்கன் வந்தான். பனிப்போர்க் காலம் என்பதால் விமானப் படையினர் ஒற்றுமையாக நின்று வென்றுவிடுகிறார்கள். சந்தேகத்துக்கு உரியவர் விஞ்ஞானி ஒருவர் மட்டுமே. படப்பிடிப்பின் ஒரு பகுதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஐஸ் கிடங்கு ஒன்றில் நடந்தது.

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ (1980) துருவத்துக்குப் போகவில்லை. கொலராடோ மலையில், குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும் ஓட்டல் போதுமானதாக இருந்தது. படத்தின் முதல் பயங்கரம் ஒரு வேலை நேர்காணல். பராமரிப்பாளர் வேலைக்கு வந்த ஜாக் டோரன்ஸிடம், முன்பு இதே வேலையில் இருந்தவர் 1970 குளிர்காலத்தில் தன் குடும்பத்தையே வெட்டிக் கொன்றார் என்று மேலாளர் மரியாதையாகத் தகவல் சொல்கிறார். தனக்கு அப்படி எதுவும் ஆகாது என்று சிரித்துக்கொண்டே ஜாக் வேலையை ஏற்கிறார். வேலை இல்லாமல் அலைந்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். படத்தின் முடிவில் ஜாக் உறைந்து கிடக்கும் பனி, இங்கிலாந்து அரங்கில் உப்பும் தெர்மாகோல் தூளும் கொட்டி உண்டாக்கப்பட்டது.

இந்த வகையின் உச்சம் ஜான் கார்பென்டரின் ‘தி திங்’ (1982). கேம்பெலின் மூலக்கதையில் இருந்த உருமாற்றத்தை இது மீட்டெடுத்தது. அண்டார்டிகாவில் ஓர் அமெரிக்க நிலையம், 12 ஆண்கள். ஹெலிகாப்டர் ஓட்டும் மெக்ரெடியாக கர்ட் ரஸ்ஸல். வெளிப்புறக் காட்சிகள் கனடாவின் ஸ்டூவர்ட் அருகே எடுக்கப்பட்டன. லாஸ் ஏஞ்சலிஸில் வெளியே வெயில் கொளுத்த, குளிரூட்டப்பட்ட அரங்குக்குள் நடிகர்கள் கம்பளி உடையில் நடித்தார்கள். உருமாற்ற உருவங்களைச் செய்த ராப் பாட்டினுக்கு அப்போது வயது இருபதுகளின் தொடக்கம்.

படத்தின் இதயம் ரத்தப் பரிசோதனைக் காட்சி. எல்லோரையும் கட்டிப்போட்டு, ஒவ்வொருவர் ரத்தத்தையும் தனித்தனித் தட்டில் எடுத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியை அதில் வைக்கிறார் மெக்ரெடி. மனிதனின் ரத்தம் என்றால் ‘சுர்’ என்று அடங்கும். மற்றது என்றால் தட்டைவிட்டுத் துள்ளும். இங்கே பயமுறுத்துவது பிராணியைவிட, மாதக்கணக்காக ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வைதான்.

படம் வெளிவந்தபோது யாரும் சீந்தவில்லை. இரண்டு வாரம் முன்பு வந்திருந்த ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ அன்பான வேற்றுக்கிரகவாசியைக் காட்டி உலகத்தை உருக வைத்திருந்தது. ஒன்றரைக் கோடி டாலரில் எடுத்த கார்பென்டரின் படம் அமெரிக்கத் திரையரங்குகளில் இரண்டு கோடியைக்கூடத் தொடவில்லை. பின்னாளில் வீடியோ கேசட்டுகள் அதைக் காப்பாற்றின. தென்துருவத்தின் அமுண்ட்சென்–ஸ்காட் நிலையத்தில் பிப்ரவரியில் கடைசி விமானம் கிளம்பிய பிறகு, குளிர்காலத்துக்குத் தங்குபவர்கள் கூடி உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பது இன்று ஒரு சடங்கு.

உண்மையும் கதையைவிட அதிகம் பின்தங்கிவிடவில்லை. 1984 ஏப்ரலில் அர்ஜென்டினாவின் அல்மிரான்தே பிரவுன் நிலையத்தில், இன்னொரு குளிர்காலமும் தங்க வேண்டும் என்று உத்தரவு வந்ததும் அங்கிருந்த மருத்துவரே நிலையத்துக்குத் தீ வைத்தார். 1961இல் சோவியத்தின் நோவோலசரெவ்ஸ்கயா நிலையத்தில் லியோனித் ரோகோசோவ் என்ற மருத்துவர், வேறு மருத்துவர் இல்லாததால், தன் குடல்வாலைத் தானே அறுத்தெடுத்தார். அந்த நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இந்தியாவின் மைத்ரி நிலையம் 1989 முதல் இயங்குகிறது. அதற்கு முந்தைய தட்சிண கங்கோத்ரி பனிக்குள் புதைந்துபோனதால் கைவிடப்பட்டது.

2000க்குப் பின் வந்த படங்கள் பிராணியைக் குறைத்துக்கொண்டு நிர்வாகத்தைக் கதைக்குள் கொண்டுவந்தன. லாரி ஃபெசன்டனின் ‘தி லாஸ்ட் வின்டர்’ (2006) அலாஸ்காவில் எண்ணெய் எடுக்கப் போன குழுவைப் பற்றியது. நிலம் இளகுகிறது, கனரக வண்டி போகக்கூடாது என்கிறார் சுற்றுச்சூழல் ஆய்வாளர். வேலை நிற்கக்கூடாது என்கிறார் குழுத் தலைவர். கொரியாவின் ‘அண்டார்டிக் ஜர்னல்’ (2005) பயணக் குழு ஒன்றின் தலைவருடைய பிடிவாதத்தையே பேயாக்கியது. ரஷ்யப் படமான ‘ஹவ் ஐ எண்டெட் திஸ் சம்மர்’ (2010) பேய்ப் படமே அல்ல. வானிலை நிலையத்தில் இரண்டு ஆண்கள். மூத்தவரின் குடும்பம் விபத்தில் சிக்கிய செய்தி ரேடியோவில் வருகிறது. வாங்கிய இளைஞன் சொல்லப் பயந்து மறைக்கிறான். அவர்கள் குறித்த நேரத்தில் அளவுகளைப் படித்து ஒலிபரப்பும் அன்றாட வேலை தொடர்ந்து நடப்பதே பார்ப்பவரின் வயிற்றைக் கலக்குகிறது. இரு நடிகர்களும் பெர்லின் விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தொலைக்காட்சி இந்த வகையை நீட்டித்தது. 1845இல் புறப்பட்டு 129 பேருடன் காணாமல் போன ஃபிராங்க்ளின் பயணத்தை ‘தி டெரர்’ (2018) தொடராக்கியது. ஒப்பந்தக்காரர் அவசரமாக அடைத்துக் கொடுத்த டின் உணவும் அதில் ஒரு வில்லன். ‘ட்ரூ டிடெக்டிவ்: நைட் கன்ட்ரி’ (2024) வடதுருவ ஆய்வு நிலையம் ஒன்றின் ஊழியர்கள் மொத்தமாக மறைவதிலிருந்து தொடங்குகிறது. நிலையத்தின் பெயர் த்சலால். அது போவின் நாவலில் வரும் தீவின் பெயர்.

தமிழ் சினிமாவுக்குப் பனி என்றால் பாட்டு. கதாநாயகி மெல்லிய புடவையில் ஆடுவாள், நாயகன் ஸ்வெட்டர் போட்டிருப்பான். ‘ரோஜா’வில் (1992) மட்டும் பனி வேறு வேலை பார்த்தது: மேலதிகாரிக்கு உடம்பு சரியில்லாததால் பாரமுல்லாவுக்கு அனுப்பப்படும் ஊழியர் அங்கே கடத்தப்படுகிறார். காஷ்மீரில் எடுக்க முடியாத சூழலில் பனிக் காட்சிகள் மணாலியில் எடுக்கப்பட்டன. அது திகில் படம் அல்ல. ஆனாலும் வேலை நிமித்தம் குளிருக்குள் போய் மாட்டிக்கொள்வது என்ற கரு அங்கே இருக்கிறது. ‘அவள்’ (2017) இமயமலைச் சாரலில் நடக்கும் பேய்ப் படம் என்றாலும் பிரச்சினை பக்கத்து வீட்டில்தான். நம் பேய்கள் பெரும்பாலும் பங்களாவிலும் அரண்மனையிலும் குடியிருப்பவை. அவற்றின் வழக்கு குடும்பத்தோடும் சொத்தோடும். கம்பெனிப் பேய் நம்மிடம் அபூர்வம்.

இதை உடைத்தது கேரளத்திலிருந்து வந்த கதை. மாத்துக்குட்டி சேவியர் இயக்கிய ‘ஹெலன்’ (2019) பனிப்பாலைக்குப் போகாமல் குளிரை வேலையிடத்துக்குள் வைத்தது. கனடா போகத் தயாராகும் செவிலியர் பட்டதாரி, பொரித்த கோழிக் கடையில் பகுதி நேர வேலை பார்க்கிறாள். இரவு கடையை அடைக்கும் மேலாளர் அவள் உள்ளே இருப்பது தெரியாமல் குளிர் அறையைப் பூட்டிவிடுகிறார். அட்டைப்பெட்டிகளும் பிளாஸ்டிக் தாள்களும்தான் அவளுடைய கருவிகள். வெளியே, பழைய காழ்ப்பு கொண்ட ஒரு எஸ்.ஐ. தேடலைத் தாமதப்படுத்துகிறார். உறைந்த முகத்தின் ஒப்பனைக்கும் அறிமுக இயக்குநருக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன.

தமிழில் இது ‘அன்பிற்கினியாள்’ (2021). தந்தையும் மகளுமாக நடித்த அருண்பாண்டியனும் கீர்த்தி பாண்டியனும் நிஜத்திலும் தந்தை, மகள். இயக்குநர் கோகுல் இதற்கு முன் ‘காஷ்மோரா’வில் (2016) கார்த்தியைப் பழைய பங்களாப் பேயிடம் மாட்டிவிட்டவர். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பேயே இல்லாத குளிர் அறைதான் அதிகம் நடுங்க வைக்கிறது.

சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டைக்கு இந்தக் குளிர் அறை புதிதல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய், ஒரகடத்தில் 2010இல் தொடங்கிய ரெனால்ட்–நிசான் ஆலை என்று கார்களைப் பற்றித்தான் ஊர் பேசும். அவற்றுக்கு இடையே நிற்கும் கிடங்குகளில் குளிர்பதன அறைகளும் உண்டு. உறைந்த உணவை மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ வைக்க வேண்டும். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால், பிளாஸ்டிக் பட்டைத் திரையை விலக்கி ஓரடி வைத்ததும் ஏறத்தாழ 60 டிகிரி இறங்கிவிடுகிறது. கனத்த ஜாக்கெட், குல்லா, கையுறை போட்டுக்கொண்டுதான் லோடிங் வேலை. இடையிடையே வெளியே வந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். முறையாக நடக்கும் கிடங்கில் கதவை உள்ளிருந்து தள்ளித் திறக்கும் குமிழ் இருக்கும், அபாய மணி இருக்கும், யார் உள்ளே போனார், யார் வெளியே வந்தார் என்று பதிவேடு இருக்கும். இதில் ஏதாவது ஒன்று வேலை செய்திருந்தால் ‘அன்பிற்கினியாள்’ இடைவேளையோடு முடிந்திருக்கும். ‘ஹெலன்’ கதையில் அந்தப் பதிவேட்டின் வேலையைப் பார்ப்பவர் கடை இருக்கும் மாலின் வாசல் காவலாளி: தினமும் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகும் பெண் அன்று வெளியே போகவில்லை என்று அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

மாத்துக்குட்டி சேவியரே ‘ஹெலன்’ கதையை 2022இல் ‘மிலி’ என்று இந்தியிலும் எடுத்தார். இசை ஏ.ஆர். ரஹ்மான், நாயகி ஜான்வி கபூர், தயாரிப்பு அவருடைய தந்தை போனி கபூர்.