நெல்லும் பிரமாணமும்

உலகத்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம் எது என்ற கேள்விக்குத் தரப்படும் பதில்களில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஃபெஸ் நகரத்து அல் கராவிய்யின், 859. கெய்ரோவின் அல் அஸ்ஹர், 970. இத்தாலியின் போலோன்யா, 1088. ஆண்டைச் சொன்னதும் சரித்திரம் முடிந்துவிட்ட நிம்மதி. ஆனால் போலோன்யாவின் 1088 எந்தப் பழைய சாசனத்திலிருந்தும் எடுத்ததல்ல. 1888இல் எண்ணூறாவது ஆண்டு விழா கொண்டாட வேண்டியிருந்தது. கவிஞர் கார்துச்சியின் தலைமையில் ஒரு குழு கூடி அந்த ஆண்டை நிச்சயித்தது. ஃபெஸ் பள்ளிவாசலை ஒரு வணிகரின் மகளான ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி கட்டினாள் என்பதும் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட செய்திதான். அது நவீன அரசுப் பல்கலைக்கழகமானது 1963இல். ஆகவே தொடக்க ஆண்டைப் பற்றிய சர்ச்சையில் எனக்கு அக்கறையில்லை. தொடர்ச்சி எப்படிச் சாத்தியமாயிற்று என்பதே என் கேள்வி. அதை நான் இருக்கும் தருமபுரியிலிருந்து கேட்கிறேன்.

தருமபுரி அன்றைக்குத் தகடூர். ஒன்பதாம் நூற்றாண்டில் நொளம்பர் வசம் இருந்தது. சக ஆண்டு 815, அதாவது 893இல், நொளம்ப மன்னன் மகேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று இங்கே ஒரு சமணப் பஸ்தியைப் பற்றிப் பேசுகிறது. அதைக் கட்டியவன் நிதியண்ணன் என்ற வணிகன். அதற்கென்று மூலபள்ளி என்ற ஊர் கனகசேன சித்தாந்த பட்டாரரிடம் ஒப்படைக்கப்பட்டது. இதைப் பல்கலைக்கழகம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் 'சித்தாந்த' என்ற பட்டம் வெறும் அலங்காரமல்ல, கற்றவனுக்கு உரியது. ஃபெஸ்ஸில் வணிகர் குடும்பத்துப் பணம் பள்ளிவாசலாயிற்று என்றால், அதே நூற்றாண்டில் தகடூரில் வணிகப் பணம் பஸ்தியாயிற்று. அங்கே பாடம் தொடர்ந்தது. இங்கே கல் மிஞ்சியது.

பாடசாலை என்றே சந்தேகமின்றிச் சொல்லக்கூடியவை வேறு இடங்களில் இருந்தன. இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை நிறுவினான். ஒருவரையொருவர் ஏசினால், தாக்கினால் மாணவருக்குத் தண்டம் என்று அந்தச் செப்பேடு விதிக்கிறது. எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்தில் (1014-1044), 340 மாணவர், 14 ஆசிரியர். கணக்கு துல்லியமானது. ரிக் வேதம் 75 பேர், யஜுர் 75 பேர், ரூபாவதாரம் என்ற இலக்கண நூலுக்கு 40 பேர், மேல்நிலையில் வியாகரணம் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10. இளையவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மூத்தவனுக்குக் குருணி இருநாழி. இதற்காக 45 வேலி நிலம்.

போலோன்யாவின் உத்தேச ஆண்டுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பாவது இது நடந்திருக்கிறது. பெருமைப்படலாம்தான். ஆனால் அந்த 45 வேலியை உழுதவனின் மகன் அந்த 340 பேரில் ஒருவனாக இருந்திருக்க முடியாது. பெருமையோடு இதையும் சேர்த்தே எழுத வேண்டும். நாளந்தாவையும் தட்சசீலத்தையும் சொல்லி மார்தட்டும் நம் மேடைகளில் யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி எழுவதேயில்லை.

இப்போது போலோன்யா. அங்கே தொடக்கத்தில் கட்டிடம் இல்லை. ஆசிரியர்கள் வாடகை அறைகளில் பாடம் சொன்னார்கள். பல்கலைக்கழகத்துக்கென்று ஒரு மாளிகை எழுந்தது 1563இல்தான். நெல்லும் இல்லை. ரோமானியச் சட்டம் படிக்க வெளிநாடுகளிலிருந்து வந்த மாணவர்களுக்கு அந்நகரத்தில் குடியுரிமை இல்லாததால், பாதுகாப்புக்காக அவர்கள் கூடிப் பிரமாணம் செய்துகொண்டார்கள். இலத்தீனில் அந்தக் கூட்டத்துக்குப் பெயர் 'யூனிவர்சிதாஸ்'. அன்றைக்கு அந்தச் சொல் எந்தத் தொழிற்குழுவுக்கும் பொருந்தும்; கல்வியோடு அதற்குத் தனி உறவு கிடையாது. தச்சர் கூடினாலும் அதுதான், மாணவர் கூடினாலும் அதுதான். ஆசிரியரை நியமித்ததும் சம்பளம் பேசியதும் மாணவர்கள். மணி அடித்த பிறகு வந்தால் ஆசிரியருக்குத் தண்டம். ஐந்து பேருக்குக் குறைவாகக் கேட்க வந்தால் அவர் பாடமே நடத்தவில்லை என்று கொண்டு தண்டம். பார்த்திவபுரத்தில் தண்டம் மாணவன்மேல் விழுந்தது, போலோன்யாவில் ஆசிரியர்மேல். இந்த வித்தியாசத்துக்குள் பெரிய சரித்திரம் இருக்கிறது.

இன்னும் தெளிவாக இதைக் காட்டுவது இரண்டு சண்டைகள். நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் தன் குருவோடு காஞ்சிக் கடிகைக்குப் படிக்க வந்தான். பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு தகராறு, அவமானம். படிப்பை விட்டு வாளெடுத்தான், கதம்ப அரசை நிறுவினான் என்கிறது தாளகுண்டாக் கல்வெட்டு. 1209இல் ஆக்ஸ்போர்டில் ஒரு பெண் கொல்லப்பட்டு, அதற்காக மாணவர் சிலர் தூக்கிலிடப்பட்டபோது, படிப்பவர்கள் ஊரைவிட்டே வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்த இடம் கேம்பிரிட்ஜ். போலோன்யாவை விட்டு 1222இல் வெளியேறியவர்களால் பாதுவா உருவாயிற்று. அங்கே சண்டை இன்னொரு பல்கலைக்கழகத்தைப் பெற்றது. இங்கே சண்டை இன்னொரு அரசனைப் பெற்றது.

நமக்குக் கூட்டமாக இயங்கத் தெரியாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஊர்ச்சபை இருந்தது. கடல் கடந்து வணிகம் செய்த ஐந்நூற்றுவர் இருந்தார்கள். காஞ்சிக் கடிகையார் எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மனை அரசனாக அழைத்துவரப் போனவர்களில் இருந்தார்கள் என்று வைகுந்தப்பெருமாள் கோயில் சிற்பங்களும் எழுத்தும் சொல்கின்றன. அரசனைக் கொண்டுவரும் செல்வாக்கு அவர்களுக்கு இருந்தது. அரசனில்லாமல் நிற்கும் ஏற்பாடு இருக்கவில்லை. எண்ணாயிரத்து மாணவன் தானம் பெற்றவன். தானத்தைக் காத்தது 'சந்திராதித்தவரை' என்ற வாக்கும், அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற வகைச் சாபமும். பாவத்துக்கு அஞ்சாதவன் பட்டத்துக்கு வந்தபோது சாபம் என்ன செய்யும்? ஃபெஸ்ஸிலும் தானம்தான். ஆனால் வக்ஃபு என்ற இஸ்லாமிய ஏற்பாட்டில் கொடுத்தவனே அதைத் திரும்பக் கேட்க முடியாது. தகராறு வந்தால் காஜியிடம் போகலாம். தொடர்ச்சிக்குக் கண்ட வழிகள் இரண்டு: ஒன்று சட்டத்தால் கட்டுண்ட சொத்து, இன்னொன்று பிரமாணத்தால் கட்டுண்ட மனிதர்கள். போரும் வறட்சியும் வேறு காரணங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவை ஐரோப்பாவிலும் இருந்தன.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். பல ஆண்டுகள் பாடம் சொல்லவில்லை, கல்லூரிகளுக்குப் பரீட்சை மட்டும் நடத்தியது. போலோன்யாவின் பெயர் நமக்கு வந்தது, அதன் உள்ளடக்கம் வரவில்லை. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தருமபுரியின் கல்லூரிகள் இன்று, 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் இது; 68.5 சதவீதம். அதனால் பரீட்சையையும் பட்டத்தையும் இளக்காரமாகப் பேச எனக்கு மனம் வராது. குடும்பத்தில் முதலாவதாகப் படிக்க வருகிறவனுக்கு அவை தூக்கி எறியக்கூடிய விஷயங்கள் அல்ல.

ஆனாலும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். அரசு விடுதியில் இன்று சோறு போடுகிறார்கள். அது எண்ணாயிரத்து நெல். உழுதவன் மகனுக்கும் மகளுக்கும் அது கிடைக்கிறது என்பது ஆயிரம் ஆண்டில் நாம் சம்பாதித்த பெரிய மாற்றம், ராஜேந்திரனின் சாசனத்தைவிடப் பெரியது. பரீட்சை வந்துவிட்டது, அது 1857. மணி அடித்த பிறகும் வகுப்புக்கு வராத ஆசிரியரிடம் காரணம் கேட்க மாணவர்கள் கூடி நிற்கும் உரிமை மட்டும் நம் கல்லூரிகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அப்படிக் கேட்பவனை நாம் ஒழுங்கீனன் என்கிறோம். போலோன்யாவில் அவன் பெயர்தான் பல்கலைக்கழகம்.