இ 120: ஒரு பூச்சியின் கதை

பழைய மாணவி ஒருத்தி வெளிநாட்டு ஸ்ட்ராபெரி பான டப்பா ஒன்றைப் படமெடுத்து அனுப்பி, "சார், இதில் இ 120 என்று போட்டிருக்கிறதே, சைவம்தானா?" என்று கேட்டிருந்தாள். அமாவாசை, கார்த்திகை தவறாமல் விரதம் இருப்பவள். பதில் எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

சைவம் இல்லை அம்மா. 120 என்பது கார்மைன். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். ஒரு பவுண்டு சாயத்துக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும் என்பார்கள்.

இந்தப் பூச்சிக்கும் நம் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. மெக்சிகோவில் விளைந்த இந்தச் சாயத்தை ஸ்பெயின்காரர்கள் வெளியே விடாமல் கட்டிக்காத்தார்கள். அதை இங்கேயே விளைவிக்க ஆசைப்பட்டவர், சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1786இல் புல்லில் கண்ட ஒரு பூச்சியைக் கொச்சினீல் வகை என்று நம்பி, லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். அது தேறவில்லை. மனிதர் விடவில்லை, சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்.

1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் அது மட்டரகக் காட்டுப் பூச்சி. சாயம் சரியில்லை. கள்ளியின் சாற்றை உறிஞ்சிச் செடியையே பட்டுப்போக வைத்தது.

அந்தக் குணமே பின்னாளில் உழவருக்கு உதவியது. நிலங்களைக் கள்ளி வளைத்துக்கொண்டபோது, 1926இல் இலங்கையிலிருந்து இதன் இன்னோர் இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேரில் கள்ளி அழிந்தது.

இன்றைக்கு வருவோம். 2012இல் அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் கடைகளின் ஸ்ட்ராபெரி பானத்தில் இந்தச் சாயம் இருப்பது தெரிந்து சைவர்கள் எதிர்த்தார்கள். நிறுவனம் தக்காளியிலிருந்து எடுக்கும் நிறத்துக்கு மாறியது. கேட்டதால் நடந்தது.

ரோஸ் மில்க் குடிப்பவர்கள் பதற வேண்டாம். சிவப்புக்கு இங்கே பெரும்பாலும் சேர்ப்பது கார்மோசின், எண் 122. பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் அது ஆலையில் செய்த செயற்கைச் சாயம், பூச்சி இல்லை. உடம்புக்கு நல்லதா என்பது வேறு கேள்வி.

'இயற்கை நிறம்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள், பூச்சியும் இயற்கைதான். எண்ணைப் பாருங்கள், பச்சைக் குறியைப் பாருங்கள். குடிப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். தெரிந்து முடிவெடுக்க வேண்டும், அவ்வளவே.

பூதலூர்ப் பக்கம் கள்ளி வேலிகளைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொன்னது நினைவிருந்தால் கீழே எழுதுங்கள்.