பெருமூங்கில் சாகுபடி: கன்று வாங்கும்முன் தாய்த்தூரின் வயதைக் கேளுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலும் ஆற்றோரங்களிலும் அடர்ந்து வளர்வது பெருமூங்கில். முள் மூங்கில் என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் பாம்புசா பாம்போஸ். புல் இனம்தான், ஆனால் 80 அடிக்கு மேலும் உயரும். பந்தல், ஏணி, கூடை, காகிதக் கூழ் என எல்லாவற்றுக்கும் உதவும். இளங்குருத்தைச் சமைக்கலாம், நன்கு வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்.

இம்மூங்கில் சுமார் 40 முதல் 50 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்து, விதை (மூங்கில் அரிசி) கொட்டியதும் தூர் முழுவதும் காய்ந்துவிடும். கிழங்கிலிருந்தோ கணுத்துண்டிலிருந்தோ எடுத்த கன்று தாய்த்தூரின் வயதையே தொடரும். 40 வயதுத் தூரில் எடுத்த கன்று, உங்கள் தோட்டத்தில் நாலைந்து ஆண்டிலேயே தாயோடு சேர்ந்து பூத்துச் சாகலாம். நட்ட செலவும் போய்விடும். எனவே விதைக்கன்றே பாதுகாப்பானது. விதையின் முளைப்புத்திறன் சில மாதங்களில் குறைந்துவிடும் என்பதால் புதிய விதையில் வளர்த்த கன்றா என்று கேட்டு வாங்குங்கள்.

நடவு

வடிகால் வசதியுள்ள நிலம் தேவை. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். மழைக்கால தொடக்கத்தில் 5 மீட்டர் இடைவெளியில் 2 அடி குழியெடுத்து, மக்கிய தொழுவுரமிட்டு நடலாம். ஏக்கருக்கு 160 கன்றுகள் பிடிக்கும். முதல் இரண்டு கோடையில் தண்ணீர் கட்டாயம்.

அறுவடை

ஐந்தாம் ஆண்டு முதல் வெட்டலாம். புதுக்கழிகள் தூரின் வெளிப்புறத்தில் வரும், முற்றியவை நடுவில் சிக்கிக்கொள்ளும். இந்த இனத்தில் முள்ளும் சேர்வதால் ஆள் உள்ளே நுழையவே முடியாது. எனவே மூன்றாம் ஆண்டிலிருந்தே அடிப்பக்கக் கிளைகளை ஆள் உயரத்துக்குக் கழித்துவிடுங்கள். குதிரைலாட வடிவில் ஒரு பக்கம் வழிவிட்டு, மூன்று வயதைத் தாண்டிய கழிகளை மட்டும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். குருத்து வரும் மழைக்காலத்தில் கத்தி வைக்க வேண்டாம். வெட்டிய கழியைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் உளுத்துப்போவது குறையும்.

2017-ல் இந்திய வனச் சட்டம் திருத்தப்பட்டு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் 'மரம்' என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. இருந்தாலும் வெளியூருக்கு ஏற்றி அனுப்பும்போது பட்டா, சிட்டா நகலை வண்டியில் வைத்திருப்பது நல்லது.