ஒசூர் தொழிற்பகுதியில் விளம்பரமும் அதன் பயனை அளத்தலும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒசூர், பாகலூர், போச்சம்பள்ளி ஆகிய ஊர்களைச் சுற்றி வளர்ந்துள்ள தொழிற்பகுதி, கர்நாடக எல்லையை ஒட்டியது. கைக்கடிகாரம், நகை, இருசக்கர வாகனம், ரோஜா மலர் ஆகியவை இங்கிருந்து சந்தைக்குச் செல்கின்றன. இப்பொருள்களை விளம்பரப்படுத்தும் முறையும், அதற்கான செலவு பயன் தந்ததா என்று கணக்கிடும் முறையும் கடந்த நாற்பது ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளன. சமூக ஊடகம் இந்த மாற்றத்தின் அண்மைக் கட்டமாகும்.

சமூக ஊடகத்துக்கு முந்தைய காலம்

ஒசூரில் தயாரான டி.வி.எஸ். 50 மொபெட் 1980இல் விற்பனைக்கு வந்தது. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் (டிட்கோ) இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் கைக்கடிகார ஆலை ஒசூரில் அமைந்தது. செர்க்சஸ் தேசாய் தலைமையிலான அந்நிறுவனம், மோட்சார்ட்டின் 25ஆம் சிம்பொனியிலிருந்து எடுத்த மெட்டைத் தன் தொலைக்காட்சி விளம்பரங்களில் ஒலிக்கச் செய்தது. அந்த இசை நாடெங்கும் நினைவில் நின்றது. ஆனால் அதைக் கேட்டவர்களில் எத்தனை பேர் கடைக்கு வந்தார்கள் என்பதை நேரடியாக எண்ணிப் பார்க்க வழியில்லை.

இது பழைய சிக்கல். அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் வெளியிட்ட நூலில், விளம்பரத்துடன் வெட்டி அனுப்பும் சீட்டு ஒன்றை இணைத்து, திரும்பி வரும் சீட்டுகளை எண்ணும் முறையை விளக்கினார். இந்தியாவில் 1948இல் நிறுவப்பட்ட பத்திரிகை விற்பனைத் தணிக்கை அமைப்பு, எத்தனை பிரதிகள் விற்றன என்பதைச் சான்றளித்தது. அதனால் விளம்பரம் எத்தனை பேரைச் சென்றடைந்திருக்கும் என மதிப்பிட முடிந்தது. அது பொருளை வாங்க வைத்ததா என்பது தெரியவில்லை.

அளவுகோல்கள்

சமூக ஊடக விளம்பரத்தில் நான்கு நிலைகள் அளக்கப்படுகின்றன. முதலாவது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது. இரண்டாவது, எத்தனை பேர் விருப்பக் குறி இட்டோ பகிர்ந்தோ ஈடுபட்டார்கள் என்பது. மூன்றாவது, எத்தனை பேர் விசாரித்தார்கள் அல்லது முன்பதிவு செய்தார்கள் என்பது. நான்காவது, எத்தனை பேர் பணம் கொடுத்து வாங்கினார்கள் என்பது. முதல் இரண்டும் திரையில் உடனே தெரியும். கடைசி இரண்டுக்கும் நிறுவனத்தின் சொந்தக் கணக்கேடு வேண்டும்.

ஊடக நிறுவனங்கள் தரும் எண்களும் பிழையற்றவை அல்ல. காணொளிகளைப் பயனர்கள் சராசரியாகப் பார்க்கும் நேரத்தை இரண்டு ஆண்டுகளாக மிகைப்படுத்திக் காட்டியதை ஃபேஸ்புக் 2016இல் ஒப்புக்கொண்டது.

தனிஷ்க், 2020

டைட்டனின் நகைப் பிரிவான தனிஷ்க் 2020 அக்டோபரில் வெளியிட்ட விளம்பரம், மதம் கடந்து திருமணம் செய்துகொண்ட பெண்ணின் வளைகாப்பைக் காட்டியது. ட்விட்டரில் புறக்கணிப்பு அழைப்பு பரவியது. பணியாளர்களின் நலனைக் காரணம் காட்டி நிறுவனம் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது. ஆயினும் பண்டிகைக் காலத்தை உள்ளடக்கிய அந்தக் காலாண்டில் நகை விற்பனை முந்தைய ஆண்டைவிட உயர்ந்தே இருந்தது. இணையத்தில் எழும் கூச்சலின் அளவும் கடையில் நடக்கும் விற்பனையின் அளவும் ஒன்றல்ல என்பதற்கு இது சான்று. எனினும் அந்தக் கூச்சல் ஒரு விளம்பரத்தை நிறுத்தும் வலிமை பெற்றிருந்தது என்பதும் உண்மை.

ஓலா எலக்ட்ரிக், 2021–2025

போச்சம்பள்ளி அருகே 500 ஏக்கரில் ஆலை அமைத்த ஓலா எலக்ட்ரிக், தன் மின் ஸ்கூட்டருக்குப் பெரும்பாலும் நிறுவனர் பவிஷ் அகர்வாலின் ட்விட்டர் பதிவுகள் வழியே ஆர்வம் ஊட்டியது. 2021 ஜூலையில் 499 ரூபாய் முன்பதிவு தொடங்கியது. 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் பதிவுகள் வந்ததாக நிறுவனம் அறிவித்தது. செப்டம்பரில் இரண்டே நாளில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை என்றது. வண்டிகளை ஒப்படைக்கும் பணி டிசம்பரில்தான் தொடங்கியது.

வாகனத் துறையில் மட்டும் நிறுவனம் சொல்லும் எண்ணைச் சரிபார்க்கப் பொது ஏடு ஒன்று உண்டு. அரசின் 'வாகன்' இணையதளத்தில் பதிவான வண்டிகளின் எண்ணிக்கையை எவரும் பார்க்கலாம். 2025 பிப்ரவரியில் 25,000க்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றதாக நிறுவனம் கூறியபோது, வாகன் கணக்கில் 9,000கூடப் பதிவாகியிருக்கவில்லை. பதிவுப் பணி செய்யும் முகவர்களுடனான ஒப்பந்தத்தை மாற்றியதால் தேக்கம் ஏற்பட்டதாக நிறுவனம் விளக்கியது.

வாடிக்கையாளரை ஈர்த்த அதே ஊடகம் குறைகளையும் வெளிக்கொணர்ந்தது. 2024 அக்டோபரில், பழுதுபார்ப்புக்குக் காத்திருந்த ஸ்கூட்டர்களின் படத்தை நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா பகிர, அகர்வாலுடன் வாக்குவாதம் மூண்டது. அடுத்த வணிக நாளில் நிறுவனப் பங்கு விலை சரிந்தது. ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த 10,000க்கும் மேற்பட்ட புகார்கள் குறித்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டது. அவற்றில் 99.1 விழுக்காடு தீர்க்கப்பட்டதாக நிறுவனம் பின்னர் தெரிவித்தது.

பாகலூரும் சிறு தொழில்களும்

பாகலூர் வட்டாரத்தில் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்க்கப்படுகிறது. பிப்ரவரி 14, காதலர் தினத்தையொட்டித் தேவை உச்சம் தொடும். பூ விரைவில் வாடும் சரக்கு. தாமதமாக வரும் விசாரிப்பால் விவசாயிக்குப் பயனில்லை. எனவே இங்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட, அன்றைய அறுவடைக்கு எத்தனை கட்டு ஆர்டர் வந்தது என்பதே பொருத்தமான அளவுகோல். 2018இல் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி, படமும் விலையும் அனுப்பி நேரடியாக ஆர்டர் பெறச் சிறு வணிகர்களுக்கு வழி தந்தது.

எல்லைப் பகுதி என்பதால் வேறு கவனமும் தேவை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் இங்கு பேசப்படுகின்றன. பாகலூரிலிருந்து சில கிலோமீட்டர் சுற்றளவுக்கு விளம்பரம் அமைத்தால் அது கர்நாடக ஊர்களுக்கும் செல்லும். பெங்களூருவின் வடக்கிலும் பாகலூர் என்றே ஓர் ஊர் உண்டு. ஊர்ப் பெயரை மட்டும் தேர்ந்தெடுப்பவரின் பணம் அங்கே செலவாகிவிடக்கூடும். மொழிவாரியாகத் தனித்தனி விளம்பரம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தொலைபேசி எண்ணையோ தள்ளுபடிக் குறியீட்டையோ அளித்தால், எந்த விளம்பரம் விற்பனை தந்தது என்பது தெரியும். ஹாப்கின்ஸ் சீட்டுகளை எண்ணியதும் இதே முறையில்தான்.