தைரொயிட்டுக் குறைவும் மந்த இதயத்துடிப்பும் (கண்டி)

தைரொயிட்டுச் சுரப்பி போதிய ஹோர்மோனைச் சுரக்காதபோது இதயம் மெதுவாகத் துடிப்பதுண்டு. ஓய்விலிருக்கும் வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 60-க்குக் குறைந்த துடிப்பே மந்தத் துடிப்பு. ஆனால் நன்கு பயிற்சி பெற்ற விளையாட்டு வீரருக்கு அது இயல்பானதே.

இலங்கையின் ஈரவலயம் நெடுங்காலம், அயடீன் குறைபாட்டால் தைரொயிட்டுச் சுரப்பி வீங்கும் கழுத்துக் கழலைக்குப் பேர்போனதாக இருந்தது. கண்டியும் அதில் அடங்கும். 1995 முதல் நாடெங்கும் உப்பில் அயடீன் சேர்க்கப்படுகிறது. அதனால் அயடீன் குறைபாடு வெகுவாகத் தணிந்தது. எனினும் உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் அழற்சியை உப்பு தடுக்காது.

களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை ஆகியவை மெல்லத் தலைகாட்டும். கண்டி போன்ற மலைநகரில் குளிரைக் காலநிலையின் தலையில் கட்டிவிடுவது எளிது. தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோனை அளக்கும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை ஐயத்தைத் தீர்க்கும்.

குறைந்த ஹோர்மோனை ஈடுசெய்யும் தைரொக்சின் குளிசையை விடியலில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்க வேண்டும். தேத்தண்ணிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்பு, கல்சியக் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. முதியோருக்கும் இதய நோயாளருக்கும் சிறு அளவிலேயே தொடங்குவர். அவசரப்பட்டுக் கூட்டினால் நெஞ்சுவலி வரலாம். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் அற்றெனலோல் போன்ற மருந்துகளும் துடிப்பைக் குறைக்கும் என்பதால், எடுக்கும் மருந்துகள் அனைத்தையும் கிளினிக்கில் காட்டுவது நல்லது.

மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஏற்பட்டால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலை செல்க.