சிந்துவெளியின் காட்டுப் பட்டு

பெண்ணாடத்திலிருந்து கல்யாணப் பட்டெடுக்கக் கும்பகோணத்திற்கோ காஞ்சிபுரத்திற்கோ போகிறவர்கள் வாங்கி வருவது மல்பெரிப் பட்டு. முசுக்கட்டை இலை தின்னும் வளர்ப்புப் புழுவின் நூல் அது. அப்புழுவை வளர்க்கும் கலையை உலகிற்குத் தந்தது சீனா. ஆகவே பட்டு என்றாலே சீனாவின் கொடை என்று நம்மில் பலர் எண்ணிவிட்டோம். அது பாதி உண்மையே.

நம் காடுகளில் வேறொரு பட்டுப்பூச்சிக் குடும்பம் உண்டு. சட்டூர்னிடே என்பது அதன் பெயர். அந்துப்பூச்சிகளில் பேருருவம் படைத்தவை இக்குடும்பத்தில் உள்ளன. அட்லாஸ் பூச்சி சிறகு விரித்தால் ஏறத்தாழ 25 செ.மீ. இருக்கும். நிலாப்பூச்சி வெளிர்பச்சை நிறம். பின்சிறகுகளில் நீண்ட வால்கள். டசார்ப் பூச்சியின் ஒவ்வொரு சிறகிலும் கண்ணாடிச் சில் பதித்தாற்போல ஒரு வட்டம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மடகாஸ்கரிலும் இவற்றின் உறவினங்கள் பறக்கின்றன. இத்தனை அழகுக்கும் ஆயுள் சில நாட்களே. வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாய் கிடையாது! புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததைக் கொண்டே இணை தேடி, முட்டையிட்டு, மடிகிறது.

டசார்ப் புழு மருது, கருமருது இலைகளைத் தின்னும். அதன் கூடு கெட்டியானது. ஒரு காம்பினால் கிளையில் கட்டப்பட்டுக் காய்போலத் தொங்கும்.

சென்னை மாகாணத்தில் பணியாற்றிப் பின் 1793இல் கல்கத்தாத் தாவரத் தோட்டத்திற்குச் சென்ற வில்லியம் ராக்ஸ்பரோ, இப்பூச்சியைப் பற்றி எழுதிய கட்டுரை 1804இல் லண்டன் லின்னேயக் கழக ஏட்டில் வெளிவந்தது. நினைவுக்கெட்டாத காலந்தொட்டு வங்காள மக்கள் இதன் பட்டை நெய்து உடுத்துகிறார்கள் என்று அவர் குறித்தார். இப்பட்டில் சாயம் ஏறுவது கடினம். இங்கிலாந்தின் தாமஸ் வார்டில் அதற்கு வழி கண்டு, 1878ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் வண்ண டசார்த் துணிகளை வைத்தார். ஐரோப்பாவுக்கு அது புதுமை. நமக்குப் பழைய சங்கதி.

எவ்வளவு பழையது? 2009இல் ஐரீன் குட், கெனோயர், மெடோ ஆகியோர் வெளியிட்ட ஆய்வு விடை சொன்னது. ஹரப்பாவில் கிடைத்த செம்புக் கம்பி அணிகளிலும், சன்ஹுதாரோவின் மாக்கல் மணிகளுக்குள்ளும் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அவற்றின் காலம் சுமார் கி.மு. 2450 முதல் 2000 வரை. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது அவை பட்டு என்று தெரிந்தது. சீனப் பட்டின் சான்றுகள் இதனினும் பழையவைதாம். ஆனால் இந்தத் துணுக்குகள் அங்கிருந்து வந்தவையல்ல. மல்பெரிப் பட்டிழையின் குறுக்குவெட்டு முக்கோணம் போன்றது. டசார் இழையோ தட்டையானது. சிந்துவெளி இழைகள் டசாரின் இனமான காட்டுப் பூச்சிகளுடையவை. அம்மக்கள் புழுக்களை வளர்த்தார்களா, காட்டில் கூடு பொறுக்கினார்களா என்பதை நூல் சொல்லாது.

இன்றும் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா மாநிலங்களில் பழங்குடி மக்கள் டசார்ப் புழுவை வீட்டுக்குள் வளர்ப்பதில்லை. மரத்திலேயே விட்டு, காக்கையும் எறும்பும் அண்டாமல் பகலெல்லாம் காவல் இருக்கிறார்கள்.